பூதத்துக்காகக் காத்திருந்தவர்கள்

சம்பளம் கிடையாது. ரயில் சார்ஜ் கிடையாது. சாப்பாட்டுச் செலவும் உங்களுடையதுதான். வேலை என்னவென்றால், குளிர் காற்றில் ஒரு மேடைமேல் உட்கார்ந்து, எதிரே இருக்கும் ஏரியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியது. காலையிலும் பார்க்க வேண்டியது, மத்தியானமும் பார்க்க வேண்டியது, வெளிச்சம் மங்குகிற வரையில் பார்க்க வேண்டியது. பேசலாம், டீ குடிக்கலாம். ஏரியிலிருந்து மட்டும் கண்ணை எடுக்கக் கூடாது. "எதற்காக ஐயா பார்க்க வேண்டும்?" என்று கேட்கிறீர்களா? ஏரிக்குள்ளிருந்து ஒரு பூதம் தலையைத் தூக்கினாலும் தூக்கும். தூக்கினால் உடனே படம் பிடிக்க வேண்டும்.

இந்த உத்தியோகத்துக்கு நீங்கள் மனுப் போடுவீர்களா? நான் போட மாட்டேன் என்று சொன்னால், என் வீட்டில் ஒருவரும் நம்பத் தயாராயில்லை.

அவர்கள் நம்பாததற்குக் காரணம் உண்டு. வானிலை இலாகாவில் 34 வருஷம் குப்பை கொட்டியவன் நான். அதில் பாதிக் காலம் மழைமானி பார்க்கும் வேலை. மழைமானி என்றால் பெரிய யந்திரம் என்று நினைத்துவிடாதீர்கள். மேலே ஒரு புனல், அடியில் ஒரு பாத்திரம், பக்கத்தில் கோடு போட்ட ஒரு கண்ணாடிக் குப்பி, அவ்வளவுதான். தினமும் காலை 8-30 மணிக்குத் திறந்து, முந்திய 24 மணி நேரத்தில் சேர்ந்த நீரை அளந்து எழுத வேண்டும். மழை பெய்த மறுநாள்தான் இவர்களுக்கு வேலை, மற்ற நாளெல்லாம் தூக்கம் என்று ஜனங்கள் நினைப்பார்கள். அப்படியல்ல. சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கிற நாளிலும் போய்த் திறந்து பார்த்து, ஒரு சைபர் போட்டாக வேண்டும். போடாமல் காலியாக விட்டால், அன்றைக்கு மழை வரவில்லையா, இல்லை ஆசாமி வரவில்லையா என்று இருபது வருஷம் கழித்துக் கணக்குப் பார்க்கிறவனுக்கு எப்படித் தெரியும்? காலி இடம் வேறு, சைபர் வேறு. எனக்கு வேலை கற்றுக்கொடுத்த பெரியவர், "சைபருக்குந்தாண்டா தம்பி சம்பளம்!" என்பார்.

ஆகையினால்தான் நெஸ் ஏரிக்காரர்களின் கதையை முதன்முதலில் படித்தபோது, எல்லோரும் சிரிக்கிற இடத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கதையை உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று வெகு நாளாக ஆசை.

ஸ்காட்லாந்தின் வட பாகத்தில், மலைகளுக்கு நடுவே, கத்தியால் கீறி விட்டாற்போல் நீளமாகக் கிடக்கிறது அந்த ஏரி. 'லாக் நெஸ்' என்று பெயர். 'லாக்' என்றால் அந்தச் சீமைப் பேச்சில் ஏரி. நீளம் சுமார் 23 மைல். அகலம் என்னவோ ஒரு மைல்தான். ஆனால் ஆழம் இருக்கிறதே, 750 அடிக்குக் குறையாது! நம் சென்னை எல்.ஐ.சி. கட்டடத்தைப் போல் நாலு கட்டடங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி உள்ளே இறக்கினாலும் உச்சி வெளியே தெரியாது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உள்ள ஏரிகள் அத்தனையையும் சேர்த்தாலும், தண்ணீர்க் கணக்கில் இந்த ஒன்றுக்கு ஈடாகாது. சுற்றியுள்ள மலைகளில் காலங்காலமாக மட்கிக் கிடக்கும் பாசியையும் புல்லையும் கழுவிக்கொண்டு வருவதால் தண்ணீர் காப்பி டிகாக்ஷன் நிறம். கொஞ்சம் கீழே போனால் கும்மிருட்டு.

இப்பேர்ப்பட்ட ஏரியில் ஒரு பூதம் இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம்! 6-ஆம் நூற்றாண்டில் கொலம்பா என்ற கிறிஸ்தவத் துறவி, நெஸ் ஆற்றில் ஒரு நீர்ப் பிராணியை அதட்டி விரட்டினார் என்று, அவருக்கு ஏறக்குறைய 100 வருஷம் பிந்தி எழுதிய அவருடைய சரித்திரத்தில் இருக்கிறது. இது ஸ்தல புராணம். பத்திரிகைப் பூதம் பிறந்தது 1933-ஆம் வருஷத்தில். ஏரிக்கரைச் சாலையைச் செப்பனிட்டு அகலப்படுத்திய சமயம் அது. அந்தச் சாலையில் மோட்டாரில் போன ஒரு தம்பதி, தண்ணீரில் திமிங்கலம்போல் ஏதோ புரளக் கண்டார்கள். மே 2-ந் தேதி 'இன்வர்னஸ் கூரியர்' என்ற உள்ளூர்ப் பத்திரிகையில் செய்தி வந்தது. அவ்வளவுதான், அடுத்த சில மாதங்களுக்குள் உலகம் முழுவதும் அதே பேச்சு. ராட்சஸப் பிராணிகள் நிறைந்த 'கிங் காங்' சினிமாவும் அந்த வருஷந்தான் வெளியாயிற்று என்பதைச் சொல்லிவைக்கிறேன். முடிச்சுப் போடுவதும் போடாததும் உங்கள் இஷ்டம்.

பூதம் பிறந்தால் புரளியும் கூடவே பிறக்கும் அல்லவா? லண்டனிலிருந்து 'டெய்லி மெயில்' பத்திரிகை, வெதரல் என்ற வேட்டைக்காரரை அனுப்பி வைத்தது. அவர் வந்து இறங்கிய கொஞ்ச நாளைக்குள், 1933 டிசம்பரில், கரையில் பெரிய பெரிய காலடிகளைக் கண்டுபிடித்துவிட்டார். அச்சு எடுத்து லண்டன் மியூஸியத்துக்கு அனுப்பினார்கள். பண்டிதர்கள் ஆராய்ந்துவிட்டு, "இது நீர்யானைக் கால்" என்று சொல்லிவிட்டார்கள். அதுவும் ஒரே கால், திரும்பத் திரும்ப! நீர்யானைக் காலைப் பதப்படுத்திக் குடை வைக்கும் ஜாடியாக வரவேற்பு அறையில் வைத்துக்கொள்வது அந்த நாளில் சீமான்கள் வீட்டு அலங்காரம். அந்த மாதிரி ஒன்றைக் கொண்டுவந்து மணலில் அழுத்தியிருக்கிறார்கள்.

மூக்கறுபட்ட வெதரல் சும்மா இருந்தாரா? 1934 ஏப்ரலில் அதே பத்திரிகையில் ஒரு போட்டோ வந்தது. அலைகளுக்கு நடுவே நீண்ட கழுத்து, சின்னத் தலை. நீங்களும் எங்கேயாவது பார்த்திருப்பீர்கள். எடுத்தவர் என்று பெயர் கொடுத்தவர் லண்டனில் மதிப்புள்ள டாக்டர். டாக்டர் பொய் சொல்வாரா என்று உலகம் 60 வருஷம் நம்பியது. கடைசியில், 1994-ல் உண்மை வெளியாயிற்று. கடையில் வாங்கிய விளையாட்டு நீர்மூழ்கிக் கப்பல். அதன்மேல் ஒட்டிய கழுத்தும் தலையும். செய்து கொடுத்தவர் வெதரலின் மனைவிக்கு முன் தாரத்தில் பிறந்த பிள்ளை. சாகிற வயதில் அவரே வாய் திறந்து சொல்லிவிட்டார்.

வெதரல் வகையறாவை இத்துடன் விட்டுவிடுகிறேன். எனக்கு அக்கறை மற்ற மனிதர்களைப் பற்றித்தான்.

1934-லேயே ஸர் எட்வர்ட் மவுண்டன் என்ற பணக்காரர் 20 ஆட்களைக் கூலிக்கு அமர்த்தி, ஆளுக்கொரு தூரதிருஷ்டிக் கண்ணாடி கொடுத்து, ஐந்து வாரம் ஏரியைக் காவல் காக்கச் சொன்னார். சில போட்டோக்கள் கிடைத்தன. அவற்றால் ஒன்றும் தீர்மானமாகவில்லை. பிறகு யுத்தம் வந்தது. பூதத்தைப் பற்றி நினைக்க யாருக்குப் பொழுது?

1957-ல் கான்ஸ்டன்ஸ் வைட் என்ற அம்மாள் ஒரு புத்தகம் எழுதினார். அவருடைய கணவர் அந்த ஏரி வழியாகச் செல்லும் கால்வாய்க்கு மானேஜராக இருந்தவர். அக்கம்பக்கத்து மனிதர்கள் பொய் சொல்கிறார்கள் என்று உலகம் கேலி செய்வது அந்த அம்மாளுக்குப் பொறுக்கவில்லை. ஒவ்வொருவராகப் போய் விசாரித்து எழுதினார். 1960 ஏப்ரலில் டிம் டின்ஸ்டேல் என்ற ஆகாய விமான என்ஜினீயர் சொந்தச் செலவில் ஏரிக்கு வந்தார். ஆறாம் நாள், மறுகரையை நோக்கி ஏதோ ஒன்று நீரைக் கிழித்துக்கொண்டு போவதைச் சினிமாவாகப் பிடித்தார். டெலிவிஷனில் காட்டினார்கள். பிற்பாடு விமானப்படையின் படப் பரிசோதகர்கள் பார்த்து, உயிருள்ள பொருளாக இருக்கலாம் என்று அபிப்பிராயம் சொன்னார்கள். இன்னும் பிற்பாடு ஆராய்ந்தவர்கள், அது சாதாரணப் படகு என்றார்கள். டின்ஸ்டேலோ உத்தியோகத்தையே விட்டுவிட்டார்! ஐம்பது தடவைக்கு மேல் ஏரிக்குப் போய் வந்தார். முதல் தடவை கிடைத்தது போல் ஒரு படம் மறுபடி அவருக்குக் கிடைக்கவேயில்லை. 1987-ல் காலமானார்.

மனைவி மக்கள் உள்ள மனிதர் இப்படிச் செய்யலாமா என்று கேட்டால், எனக்கும் பதில் சொல்லத் தெரியாது. ஆனால் அவர் யாரையும் ஏமாற்றவில்லை.

இனிமேல்தான் நம் தொண்டர் படை வருகிறது. 1962-ல் ஐந்து பேர் கூடி 'லாக் நெஸ் அதிசய ஆராய்ச்சிக் கழகம்' என்ற பொருள்பட ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். வைட் அம்மாள் ஒருவர். தென் துருவத்திலிருந்து திரும்பும் வழியில் 1912-ல் உயிர் நீத்தாரே காப்டன் ஸ்காட், அவருடைய புதல்வரும் பிரசித்தி பெற்ற பறவை நிபுணருமான பீட்டர் ஸ்காட் ஒருவர். இயற்கை சாஸ்திர நூல்கள் எழுதிய ஃபிட்டர் ஒருவர். நாவலாசிரியர் நார்மன் காலின்ஸ் ஒருவர். ஐந்தாமவர், சங்கத்துக்கு முதுகெலும்பாக நின்றவர், டேவிட் ஜேம்ஸ் என்ற பார்லிமெண்ட் அங்கத்தினர்.

இந்த ஜேம்ஸைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் போக மனம் வரவில்லை. இரண்டாவது யுத்தத்தில் கப்பற்படை அதிகாரியாக இருந்து ஜெர்மானியர் கையில் சிக்கியவர். சிறை முகாமிலிருந்து எப்படித் தப்பினார் தெரியுமா? வேஷமே போடவில்லை! தம்முடைய பிரிட்டிஷ் உடுப்பையே போட்டுக்கொண்டு, பல்கேரியக் கப்பற்படை அதிகாரி 'பாகெரோவ்' என்று பொய்த் தஸ்தாவேஜு வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். பல்கேரிய உடுப்பு எப்படி இருக்கும் என்று எந்த ஜெர்மானியனுக்குத் தெரியும்? அந்தத் தடவை பிடிபட்டார். மறு தடவை தப்பி ஸ்வீடனுக்கே போய்ச் சேர்ந்துவிட்டார். அப்புறம் தென் துருவப் பிரதேசத்துக்கும் போய் வந்தார். இப்படிப்பட்டவருக்கு ஓர் ஏரி எம்மாத்திரம்! ஆனால் 1964 தேர்தலில் ஏழே ஏழு ஓட்டில் தோற்றுப் போனார். ஏரிக்கரையில் செலவிட்ட நாட்களில் ஒரு சாயங்காலம் தொகுதியில் ஒரு தெருவைச் சுற்றி வந்திருந்தால், அந்த ஏழு ஓட்டு கிடைத்திராதா என்று எனக்கே ஆற்றாமையாக இருக்கிறது. மனிதர் சங்கத்தை விடவில்லை. 1970-ல் வேறு தொகுதியில் ஜயித்துப் பார்லிமெண்டுக்கும் திரும்பிவிட்டார்.

சங்கத்தார் முதல் வருஷமே ராணுவத் தேடுவிளக்குகளைக் கொண்டுவந்து இரவில் ஏரியைத் துழாவினார்கள். 1965-லிருந்து அக்னஹானட் என்ற இடத்தில் வண்டி வீடுகளை நிறுத்தி ஒரு முகாமும், பார்வை மேடையும் போட்டார்கள். பீரங்கிக் குழாய் போன்ற நீண்ட லென்ஸ் பூட்டிய சினிமாக் காமிராக்கள். அவற்றுக்குப் பின்னால் மாணவர்கள், உபாத்தியாயர்கள், ஆபீஸ் குமாஸ்தாக்கள், லீவு எடுத்துக்கொண்டு வந்த நம்மைப் போன்றவர்கள். 1969-ஆம் வருஷ அறிக்கையின்படி சங்கத்தில் 1,030 அங்கத்தினர்கள். அவர்களில் பிரிட்டனைச் சேர்ந்தவர்கள் 588 பேர்தான். மற்றவர்கள் எங்கெங்கிருந்தோ சந்தா அனுப்பினார்கள்.

கண்ணால் பார்த்தது போதாது என்று யந்திரங்களும் வந்தன. ஒலி அலையை நீருக்குள் அனுப்பிப் பார்க்கும் 'ஸோனார்' வந்தது. 1969-ல் ஓர் அமெரிக்கர் மஞ்சள் வர்ணம் பூசிய குட்டி நீர்மூழ்கிக் கப்பலோடு வந்தார். உள்ளே போன பிறகு டிகாக்ஷனைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. 1970-ல் விங் கமாண்டர் வாலிஸ் என்பவர், ஜேம்ஸ் பாண்டு படத்தில் ஓட்டிய அதே மாதிரிச் சின்னஞ்சிறு விமானத்தில் ஏரிக்கு மேலே பறந்து பார்த்தார்.

இதற்கு நடுவே ஒரு வேடிக்கை. 1969-ல் ஷெர்லாக் ஹோம்ஸ் சினிமா ஒன்று எடுக்க வந்தவர்கள், சுமார் 30 அடி நீளத்துக்குப் பொம்மைப் பூதம் ஒன்று செய்து ஏரியில் மிதக்க விட்டார்கள். முதுகில் இருந்த திமில்கள் டைரக்டருக்குப் பிடிக்கவில்லை. "எடுத்துவிடு" என்றார். எடுத்தார்கள். மிதப்பதற்கு ஆதாரமே அந்தத் திமில்கள்தானாம்; பூதம் ஜலசமாதி அடைந்துவிட்டது! 2016-ல் ஒரு யந்திரப் படகு அடித்தளத்தைத் துருவியபோது நீண்ட கழுத்தோடு ஓர் உருவம் தெரிந்தது. எல்லோரும் பரபரப்பாகப் பார்த்தால், இந்தப் பொம்மை. ஆக, அந்த ஏரியின் அடியில் நிச்சயமாக ஒரு பூதம் இருக்கிறது. அதை யாரும் மறுக்க முடியாது.

பத்து வருஷம் காத்தார்கள். சந்தேகத்துக்கு இடமான சில துண்டுப் படங்கள் கிடைத்தன. பூதம் இதோ என்று காட்டும்படி ஒரு படம் இல்லை. 1972-ல் சங்கம் மூடப்பட்டது. பொய் சொல்ல வந்தவருக்குச் சில மாதத்தில் போட்டோ கிடைத்தது. மெய்யாகக் காத்தவர்களுக்குப் பத்து வருஷத்திலும் கிடைக்கவில்லை. ஒரு பொம்மையைச் செய்து மிதக்கவிட்டு இவர்களும் படம் காட்டியிருக்கலாமே! உலகப் புகழ் கிடைத்திருக்கும், சந்தாவும் குவிந்திருக்கும். ஆனாலும் இவர்கள் எழுதி வைத்தது சைபர்.

எங்கள் பெண் எடின்பரோவில் இருக்கிறாள். 2022 ஜூலையில் நானும் என் மனைவியும் அங்கே போயிருந்தபோது, "எங்கே போகலாம், மாமா?" என்று மாப்பிள்ளை கேட்டார். கோட்டை, அரண்மனை என்று என் மனைவி ஒரு ஜாபிதா வைத்திருந்தாள். நான் அக்னஹானட் என்றேன். மாப்பிள்ளை அந்தப் பெயரையே கேட்டதில்லை. ஏரிக்கரையில் இடிந்த உர்க்கெர்ட் கோட்டை ஒன்று இருப்பதால் ஒருவாறு ராஜியாயிற்று.

கோட்டைக்குத் தெற்கே கொஞ்ச தூரத்தில், சாலையோரமாகக் காரை நிறுத்தினார். முகாம் இருந்த சுவடு எதுவும் என் கண்ணில் படவில்லை. புல், மரம், கீழே ஏரி. நான் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து கொண்டேன். பெண்ணும் மாப்பிள்ளையும் காருக்குள் போய்விட்டார்கள். ஆடி மாதந்தான், இருந்தாலும் காற்று ஸ்வெட்டருக்குள் புகுந்து எலும்பை விசாரித்தது.

முதல் கால் மணி நேரம் மனம் ஏரியில் இருந்தது. அப்புறம் ஊருக்குப் போய்விட்டது. மின்சார பில், பக்கத்து வீட்டு மாமரம் என்று சுற்றியது. பிடித்து இழுத்துக்கொண்டு வந்து மறுபடி ஏரியில் வைத்தேன். ஓர் உல்லாசப் படகு வடக்கே போயிற்று. போய் மறைந்தே போயிற்று. தண்ணீர் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. இன்னும் கொஞ்ச நேரம் சென்றிருக்கும். காற்றில்லை, படகில்லை, நடு ஏரியில் கறுப்பாக ஒன்று, இரண்டு, மூன்று திமில்கள் வரிசையாக எழுந்து மெள்ள நகர்ந்தன!

அது என்னவென்று எனக்குத் தெரியும், வாசகர்களே. புத்தகத்தில் படித்திருக்கிறேன். இரண்டு பக்கமும் செங்குத்தான கரை. படகு கிளப்பிய அலை ஒரு கரையில் மோதித் திரும்பி வருகிறது. வருகிற அலையும் போகிற அலையும் சந்திக்கிற இடத்தில் நீர் மேடு தட்டுகிறது. அதற்குள் படகு பார்வைக்கு அப்பால் போய்விடுகிறது. இவ்வளவும் தெரியும். தெரிந்தும், என் நெஞ்சு திக்கென்றது. கை தானாகப் பையில் இருந்த டெலிபோனைத் துழாவியது. பக்கத்தில் நின்ற என் மனைவி என் தோளைப் பிடித்துக்கொண்டு, "ஏங்க, அது என்னங்க?" என்றாள், ரகசியமாக. மூன்று திமில்களும் இருந்த இடம் தெரியாமல் அடங்கிவிட்டன.

ஒரு மணி நேரம் உட்கார்ந்தவனுக்கே இந்தப் பாடு என்றால், வருஷக் கணக்கில் உட்கார்ந்தவர்கள் எத்தனை தடவை துள்ளி எழுந்து, எத்தனை தடவை உட்கார்ந்திருப்பார்கள்! 'பார்த்தேன்' என்று எழுதிவிட எவ்வளவு சபலம் இருந்திருக்கும்!

சபலம் பெரியவர்களையும் விடவில்லை. சங்கம் மூடிய 1972-லும், பிறகு 1975-லும் அமெரிக்காவிலிருந்து வந்த ரைன்ஸ் என்பவரின் குழு, நீருக்கடியில் எடுத்த போட்டோக்களைக் காட்டியது. ஒன்றில் துடுப்பு மாதிரி; ஒன்றில் முகம் மாதிரி. நம் பீட்டர் ஸ்காட் (அதற்குள் ஸர் பட்டம் வாங்கியிருந்தார்) அவற்றை நம்பி, பூதத்துக்குச் சாஸ்திரப் பெயரே சூட்டி, 'நேச்சர்' என்ற விஞ்ஞானப் பத்திரிகையில் வெளியிட்டார். குறும்புக்காரர் யாரோ அந்தப் பெயரின் எழுத்துக்களை மாற்றி அடுக்கிப் பார்த்தார்; 'ஸர் பீட்டர் எஸ். செய்த பூதப் புரளி' என்று வந்தது! தற்செயல்தான் என்று வைத்துக்கொள்வோம். துடுப்புப் படம் மிகவும் மெருகேற்றியது என்று பின்னால் தெரிந்தது. முகத்தைப் பற்றிச் சற்றுப் பொறுத்துச் சொல்கிறேன்.

அந்தச் சமயத்தில் ஆட்ரியன் ஷைன் என்ற வாலிபர் வந்து சேர்ந்தார். அவரும் பட்டம் பெற்ற விஞ்ஞானி அல்ல. பூதம் தேட வந்தவர்தான். 1973-ல், பக்கத்துப் பிரதேசத்தில் மோரார் என்ற இன்னொரு ஏரியில் படகோட்டிக்கொண்டிருந்தபோது, நீர்மேல் ஒரு கரிய திமிலைக் கண்டார். மற்றவர்கள் அங்கேயே நின்று போட்டோ எடுத்திருப்பார்கள். இவர் அதை நோக்கியே படகை விட்டார். கிட்டப் போனால், பாறை!

கிட்டப் போய்ப் பார்ப்பது என்பதையே அவர் வாழ்நாள் வேலையாக வைத்துக்கொண்டார். தொண்டர்களைச் சேர்த்தார். பூதம் இருக்கட்டும், முதலில் ஏரியைத் தெரிந்துகொள்வோம் என்று ஆரம்பித்தார்கள். அலைகள் எப்படி நடக்கின்றன, ஆழத்தில் என்ன மீன் இருக்கிறது, அடிச் சேற்றில் எத்தனை படிவங்கள் என்று ஒவ்வொன்றாக. அதில் ஒரு கணக்கு எனக்கு மிகவும் பிடித்தது. ஏரியில் உள்ள மீன் மொத்தமே சுமார் 20 டன். தின்கிற பிராணியின் எடை, தின்னப்படுகிறவற்றின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகாது என்பது பொது விதி. ஆக, பூதங்கள் இருந்தால் எல்லாம் சேர்ந்து 2 டன்தான் தேறும். வம்சம் அழியாமல் இருக்கக் குறைந்தது பத்துப் பூதமாவது வேண்டாமா? தலைக்கு 200 கிலோ! நம் ஊர் மாட்டுக்குக் காணாது.

1987 அக்டோபரில் ஷைனின் குழு 24 படகுகளை ஏரியின் குறுக்கே வரிசையாக நிறுத்தி, ஸோனார் அலையால் திரை போட்டாற்போல் ஏரியை ஒரு கோடியிலிருந்து அரித்துக்கொண்டு போனது. சுறாவை விடப் பெரிது, திமிங்கலத்தை விடச் சிறிது என்னும்படியாக ஏதோ தட்டுப்பட்டது, இன்னதென்று நிச்சயமாகவில்லை. 1975-ல் முகம் என்று சொன்னார்களே, அது அடியில் கிடந்த அடிமரம் என்று சொல்லும்படியான கட்டை ஒன்றும் அகப்பட்டது. ஐம்பது வருஷத்துக்கு மேல் தேடிவிட்ட ஷைன் இப்போது என்ன சொல்கிறார்? ஜனங்கள் பார்த்தது படகு அலைகளையும் நீர்ப்பறவைகளையுமே என்கிறார். தேடித் தேடி, தேடிய பொருள் இல்லை என்று தாமே சொல்ல ஒரு மனிதருக்கு என்ன மனம் வேண்டும்! இதைச் சொல்ல அவருக்குப் பதில் நாமாக இருந்தால் எத்தனை சாக்குச் சொல்லியிருப்போம்!

அப்புறம் அசல் விஞ்ஞானிகளும் வந்தார்கள். 2018-ல் நியூஸிலாந்து ஒடாகோ சர்வகலாசாலைப் பேராசிரியர் நீல் ஜெம்மெல், ஏரியின் பல இடங்களில், பல ஆழங்களில் 250 குப்பி தண்ணீர் எடுத்துப் போனார். நீரில் வாழும் ஒவ்வொரு ஜீவனும் தோலும் செதிலுமாக உதிர்த்துக்கொண்டே இருக்கிறதே, அதிலுள்ள டி.என்.ஏ.யை வைத்து அங்கே யார் யார் குடியிருக்கிறார்கள் என்று கண்டுபிடித்துவிடலாம். சுமார் 3,000 வகை ஜீவன்கள் தெரிந்தன. பன்றி, மான், மனிதன்கூட உண்டு. ராட்சஸப் பல்லி வகையில் ஒன்றுகூட இல்லை. விலாங்கு மீனின் தடயம் மட்டும் எங்கே பார்த்தாலும்! பெரிய விலாங்காக இருக்குமோ என்று பேராசிரியர் ஒரு பொடி வைத்தார். பத்திரிகைக்காரர்களுக்கு அதுவே போதுமாயிருந்தது.

இதோடு கடையைக் கட்டியிருப்பார்கள் என்று நினைக்கிறீர்களா? அதுதான் இல்லை. 2023 ஆகஸ்டு 26, 27 தேதிகளில், 1972-க்குப் பிறகு இவ்வளவு பெரிய தேடல் நடந்ததில்லை என்னும்படியாக மறுபடி தொண்டர்கள் கூடினார்கள். கொட்டுகிற மழையில் குடையும் தொப்பியுமாகக் கரையெல்லாம் ஆட்கள். வர முடியாதவர்கள் வீட்டில் இருந்தபடியே கம்ப்யூட்டரில் ஏரியைப் பார்த்துக் காவல் காக்கலாம் என்றார்கள். நான் விடுவேனா? நானும் சேர்ந்தேன். சாம்பல் நிறத் தண்ணீரையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்த என்னை என் மனைவி மூன்று தடவை எட்டிப் பார்த்துவிட்டு, "இந்தக் காவலுக்கு மொட்டை மாடியில் வடாத்துக்குக் காக்காய் ஓட்டினாலும் பிரயோஜனம் உண்டு" என்றாள். ஆனால் இரண்டு நிமிஷம் கழித்து ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு அவளும் உட்கார்ந்தாள்.

அந்தத் தேடலில் நடந்ததைக் கேளுங்கள். நீருக்குள் ஒலிவாங்கியை இறக்கிக் கேட்டுக்கொண்டிருந்தவர்களின் காதில் 'களுக், களுக்' என்று நாலு தடவை ஏதோ சத்தம் கேட்டதாம். ஆவலோடு ஓடிப் போய்ப் பார்த்தால், ஒலிப்பதிவு யந்திரத்தின் இணைப்பைச் செருகவேயில்லை! இதை அவர்களே பத்திரிகைக்காரர்களிடம் சொல்லிச் சிரித்தார்கள். 'பதிவு செய்தோம், பிறகு அழிந்துவிட்டது' என்று கதை கட்டவில்லை. பழைய சங்கத்தின் வாரிசுகள் என்று சொல்ல இதைவிட வேறென்ன வேண்டும்?

கடைசியாக ஒரு சமாசாரம். 1970-ல், சங்கத்தோடு சேர்ந்து உழைத்த சிகாகோ பேராசிரியர் ராய் மக்கால் ஒரு யோசனை செய்தார். பூதம் கரைக்கு வராவிட்டால் காமிரா பூதத்திடம் போகட்டுமே! நீர் புகாத பெட்டிகளில் ஆறு காமிராக்களை வைத்து ஏரிக்குள் இறக்கினார்கள். இரையைக் கவ்வி இழுத்தால் தானாக விளக்கு மின்னும், படம் விழும். மொத்தம் நாலு படம். அந்த வருஷமே அடித்த புயலில் மூன்று காமிராக்கள் தொலைந்து போயின. பூதத்தோடு போயிற்று என்று விட்டுவிட்டார்கள்.

2025-ல், பிரிட்டிஷ் கடல் ஆராய்ச்சிக் கழகத்தார் தங்களுடைய ஆளில்லா நீர்மூழ்கி ஒன்றை ஏரியில் ஓட்டிப் பரீட்சித்துக் கொண்டிருந்தார்கள். பூதம் அவர்கள் நினைவிலேயே இல்லை. நீர்மூழ்கியின் விசிறியில் ஏதோ கயிறு சுற்றிக்கொண்டது. மேலே இழுத்தால், கூடவே ஒரு பெட்டி வந்தது. சுமார் 600 அடி ஆழத்தில், 55 வருஷம் கிடந்த காமிரா! பெட்டிக்குள் ஒரு பொட்டுத் தண்ணீர் புகுந்து கெடுக்கவில்லை. பிலிம் சுருள் அப்படியே இருந்தது. இன்ன காமிரா, இன்னார் வைத்தது என்று அடையாளம் சொல்ல உதவியவர் நம் ஆட்ரியன் ஷைன்தான்.

பிலிமைக் கழுவிப் பார்த்தார்கள். படம் விழுந்திருந்தது. கலங்கிய தண்ணீர், வேறொன்றுமில்லை. காமிராவை டிரம்னட்ராகிட் என்ற ஏரிக்கரைக் கிராமத்தில் உள்ள கண்காட்சி சாலைக்குக் கொடுத்துவிட்டார்கள். அந்தப் பக்கம் போகிறவர்கள் அவசியம் பார்த்துவிட்டு வாருங்கள். அடுத்த தடவை பெண் வீட்டுக்குப் போகும்போது நாங்களும் போவதாக இருக்கிறோம். என் மனைவி இப்போதே ஜாபிதாவில் எழுதிவிட்டாள், கோட்டைக்கு மேலே.